கண்ணுக்குரிய படமும் கைக்குரிய படமும்

எங்கள் வீட்டில் பாட்டனார் காலத்து ஏட்டுச்சுவடிகள் சில இருந்தன. பரணில் கிடந்த அவற்றைப் பூச்சி அரிக்கத் தொடங்கியதைக் கண்டு, அவற்றை வைத்துக் காப்பதற்கு மரப்பெட்டி ஒன்று செய்விக்க எண்ணினேன். அந்நாளில் யான் ஓர் உயர்நிலைப்பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். தாளும் எழுதுகோலும் எடுத்து, மனத்தில் இருந்த பெட்டியை ஒரு மூலையிலிருந்து பார்ப்பது போலப் படம் வரைந்தேன். படம் நன்றாகவே அமைந்தது. கண்டவர் யாவரும், 'பெட்டி தாளினின்றும் எழுந்து நிற்கிறது' என்று பாராட்டினர். அப்பாராட்டே என்னைக் கெடுத்தது. முன்பக்கத்தின் நீளம் 18 அங்குலம் என்பதை மட்டும் படத்தில் குறித்து, "மற்ற அளவுகளைப் படத்தைக் கொண்டே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்" என்று ஊர்த் தச்சரிடம் தாளைக் கொடுத்துவிட்டு, விடைத்தாள் திருத்தும் பணிக்காக வெளியூர் சென்றேன்.

பத்து நாள் கழித்து மீண்டபோது பெட்டி முடிந்திருந்தது. மரமும் நல்ல மரம். வேலையும் நல்ல வேலை. ஆனால், முன்பக்கம் 18 அங்குலம் இருந்த பெட்டி, பின்பக்கத்தில் 14 அங்குலமாகக் குறுகியிருந்தது. ஏடுகளோ 16 அங்குல நீளமுள்ளவை. முன்வரிசைக் கட்டுகள் பெட்டிக்குள் அடங்கின. பின்வரிசைக் கட்டுகள் அடங்கவில்லை.

"ஆசாரியாரே, இஃது என்ன?" என்றேன்.

"ஐயா, பின்பக்கம் ஏன் குறுக வேண்டும் என்று எனக்கும் ஐயந்தான். படத்தில் பின்கோடு சிறிதாக இருந்தது. ஏடு வைக்கும் பெட்டிக்கு அப்படி ஒரு முறை இருக்கும் போலும் என்று எண்ணிக்கொண்டேன்" என்றார் அவர்.

அவர்மீது பிழை இல்லை. தாளில் இருந்த ஒவ்வொரு கோட்டையும் அளவுகோலால் அளந்து, அவ்வாறே மரத்தை அறுத்திருந்தார். எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர் இச்செய்தியைக் கேட்டு நெடுநேரம் சிரித்தார். பின்பு, "புலவரே! கண்ணுக்கென்று வரைந்த படத்தைக் கைக்குக் கொடுத்துவிட்டீர்கள்" என்றார். அவர் அன்று எனக்குக் கற்பித்தவற்றையும், அதன்பின் யான் தேடிப் படித்தவற்றையும் இப்பாடத்தில் கூறுகின்றேன். இதனைப் படிக்கும்போது தாளும் எழுதுகோலும் அருகில் இருத்தல் நன்று.

உலகில் உள்ள பொருள்களுக்கு நீளம், அகலம், உயரம் என மூன்று அளவுகள் உண்டு. நாம் வரையும் தாளுக்கோ இரண்டே உண்டு. மூன்று அளவுள்ள ஒன்றை இரண்டு அளவுள்ள இடத்தில் அடக்க வேண்டுமாயின், ஏதேனும் ஒன்றை இழந்தே ஆகவேண்டும். எதனை இழப்பது, எதனைக் காப்பது என்பதில்தான் வரைமுறைகள் ஒன்றினின்று ஒன்று வேறுபடுகின்றன. கண்ணில் தோன்றும் தோற்றத்தைக் காத்து அளவை இழக்கும் முறை ஒன்று. அளவைக் காத்துத் தோற்றத்தை இழக்கும் முறை மற்றொன்று. இவ்விரண்டிற்கும் நடுவே நின்று இரண்டிலும் பாதி பாதி கொள்வன வேறு சில.

முதலில் கண்ணுக்குரிய முறையைக் காண்போம். இராமேசுவரத்துக் கோயிலின் நீண்ட பிராகாரத்தில் ஒரு கோடியில் நின்று பார்த்தவர்கள், தூண்கள் செல்லச் செல்லச் சிறுத்து, தளமும் கூரையும் ஒன்றையொன்று நெருங்கி, தொலைவில் ஒரு புள்ளியிற் சென்று கூடுவதைக் கண்டிருப்பர். தூண்கள் யாவும் ஒரே உயரமுடையன என்பதை நாம் அறிவோம். எனினும் கண் அவ்வாறு காண்பதில்லை. இதன் காரணம் எளியது. உங்கள் கண்ணுக்கு 2 அடி முன்னால் ஒரு கண்ணாடிப் பலகை நிற்பதாகக் கொள்க. அதற்கு அப்பால், கண்ணிலிருந்து 20 அடித் தொலைவில் 10 அடி உயரத் தூண் ஒன்றும், 40 அடித் தொலைவில் அதே உயரத் தூண் மற்றொன்றும் நிற்கின்றன. தூணின் அடியிலிருந்தும் நுனியிலிருந்தும் கண்ணுக்கு வரும் ஒளிக்கதிர்கள் கண்ணாடியைத் துளைக்கும் இடங்களைக் குறித்தால், முதற்றூண் கண்ணாடியில் 1 அடியாகவும், இரண்டாம் தூண் அரை அடியாகவும் விழும். தொலைவு இரட்டித்தால் உருவம் பாதியாகின்றது. வீட்டுச் சன்னலின் கண்ணாடியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், எதிர்வீட்டின் உருவத்தை மையால் வரைந்து பார்த்தால் இவ்வுண்மை விளங்கும். மையைத் துடைத்துவிடும் பொறுப்பும் வரைந்தவரையே சாரும்.

இவ்விதி கணக்காக முதன்முதல் செய்துகாட்டப் பெற்றது இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரத்தில், பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆகும். செய்துகாட்டியவர் பிலிப்போ புருனெல்லெசுக்கி என்பவர். பொற்கொல்லராகத் தொழில் பயின்று, பின்னர் அந்நகரத்துப் பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தைக் கட்டிப் புகழ்பெற்றவர் அவரே. பேராலயத்தின் எதிரே எண்கோண வடிவினதாகிய ஞானக்குளிப்பு ஆலயம் ஒன்று உண்டு. அதனைப் பேராலயத்தின் வாயிலில் நின்று காண்பது போலச் சிறு பலகை ஒன்றில் எழுதினார். வானம் இருக்கவேண்டிய இடத்தில் வண்ணம் தீட்டாமல் மெருகிட்ட வெள்ளியைப் பதித்தார். பலகையில் ஒரு துளை இட்டு, காண்பவர் பலகையின் பின்புறத்தில் கண்ணை வைத்து, எதிரே கையில் பிடித்த கண்ணாடியில் படத்தின் நிழலைக் காணுமாறு அமைத்தார். கண்ணாடியை விலக்கினால் உண்மையான ஆலயம். வைத்தால் எழுதிய ஆலயம். மெருகிட்ட வெள்ளியிலே உண்மையான மேகங்கள் காற்றில் நகர்ந்து செல்வதும் தெரிந்ததாம். அப்பலகை இன்று இல்லை. அதனைக் கையில் வாங்கிப் பார்த்த ஒருவர் எழுதிவைத்த வரலாற்றினால் இவற்றை அறிகின்றோம்.

லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி என்னும் அறிஞர் 1435-ஆம் ஆண்டில் இம்முறைக்கு நூல் இயற்றினார். சருமானிய ஓவியர் ஆல்பிரெக்டு டூரர் 1525-இல் வெளியிட்ட அளவை நூலில் ஒரு படம் உண்டு. சுவரில் அடித்த ஆணியே கண்ணாகக் கொள்ளப்படுகின்றது. அதிலிருந்து வரும் நூல் ஒன்று நடுவே நிறுத்திய சட்டத்தினூடே சென்று, மேசைமீது கிடக்கும் யாழ் போன்ற கருவியின் ஒவ்வோர் இடத்தையும் தொடுகின்றது. ஒருவர் நூலைப் பிடித்துத் தொடத் தொட, மற்றொருவர் அந்நூல் சட்டத்தைக் கடக்கும் புள்ளியைக் குறித்துக்கொள்கின்றார். பார்வைக் கதிரையே நூலாக்கிக் கையில் பிடித்துக்காட்டிய அப்படத்தைப் பார்ப்பவர்க்கு விளக்கவுரை வேண்டா.

பழந்தமிழில் ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என வழங்குவர். காண்பவருடைய கண்ணினிடத்தே தம் தொழிலை நிறுத்துவோர் என்று அச்சொல்லுக்கு உரைகாரர் பொருள் கூறினர். இதனினும் பொருத்தமான சொல் இம்முறைக்கு அமையாது. ஆயினும், கண்ணுள் நிற்கும் தொழிலைக் கொண்டு கையால் ஒரு பெட்டி செய்ய இயலாது என்பதை யான் பொருட்செலவு செய்து கற்றேன். தொலைவிற்கேற்ப ஒவ்வொரு கோடும் தன் அளவை மாற்றிக்கொள்ளும் படத்தில் எந்தக் கோட்டை நம்பி அறுப்பது?

இனிக் கைக்குரிய முறை. இதன் அடிப்படையும் எளியதே. கதிர்கள் கண்ணில் வந்து குவிவதால்தானே தொலைவிலுள்ளது சிறுக்கின்றது? கதிர்கள் குவியாமல் ஒன்றற்கொன்று இணையாக வந்தால் எதுவும் சிறுக்காது. கதிரவன் நெடுந்தொலைவில் இருப்பதால் அதன் கதிர்கள் ஏறக்குறைய இணையாகவே நம்மை அடைகின்றன. கதிரவன் நேர் உச்சியில் நிற்கும் வேளையில் ஒரு பெட்டியைத் தரைக்கு மேலே மட்டமாகப் பிடித்தால், தரையில் விழும் நிழல் பெட்டியின் நீள அகலங்களைக் கூடாமலும் குறையாமலும் காட்டும். உயரத்தைப் பற்றி அந்நிழல் ஒன்றும் கூறாது. ஆதலின், முன்னிருந்து பின்னாகச் செல்லும் இணைகதிர்களால் சுவரில் மற்றொரு நிழல் விழுவதாகக் கொள்வோம். அது நீளத்தையும் உயரத்தையும் கூறும். இடமிருந்து வலமாகச் செல்லும் கதிர்களால் மூன்றாம் நிழல். அஃது அகலத்தையும் உயரத்தையும் கூறும். இம்மூன்றும் முறையே மேல்தோற்றம், முகப்புத் தோற்றம், பக்கத் தோற்றம் எனப்படும். கட்டட வேலை செய்வோர் 'பிளான்' என்றும் 'எலிவேஷன்' என்றும் வழங்குவன இவையே. நிழல் என்று கூறினும், இவை வெறும் புறக்கோடுகள் அல்ல. எதிரே தெரியும் விளிம்புகளை முழுக்கோட்டாலும், உள்ளே மறைந்திருப்பவற்றை விட்டுவிட்டு வரையும் துண்டுக்கோட்டாலும் காட்டுவர். உட்புறம் மிகச் சிக்கலாயின், பொருளைக் கத்தியால் பிளந்தது போலக் கருதி வெட்டுத் தோற்றம் வரைவர்.

மூன்று தோற்றம் எதற்கு, இரண்டு போதாவோ என்று வினவலாம். களிமண்ணால் 4 அங்குலக் கனசதுரங்கள் மூன்று செய்துகொள்க. முதலாவதை அப்படியே விடுக. இரண்டாவதில், முன்புறத்து அடிவிளிம்பிலிருந்து பின்புறத்து மேல்விளிம்புவரை கத்தியைச் சாய்வாக ஓட்டி, முன்னும் மேலுமாக உள்ள பாதியை நீக்குக. ஆப்பு வடிவம் கிடைக்கும். மூன்றாவதில், அவ்விரு விளிம்புகளுக்கும் இடையே நேராக வெட்டாமல், வெளிப்புறம் புடைத்த வளைவாகச் செதுக்குக. உருளையின் காற்பகுதி கிடைக்கும். இப்பொழுது மூன்றையும் முன்னிருந்து பாருங்கள், மூன்றும் சதுரம். மேலிருந்து பாருங்கள், அப்பொழுதும் மூன்றும் சதுரமே. பக்கத்திலிருந்து பார்த்தால்தான் ஒன்று சதுரம், ஒன்று முக்கோணம், ஒன்று கால்வட்டம் என்பது வெளிப்படும். இரண்டு தோற்றங்களை மட்டும் பெற்ற கொல்லர் மூன்று வேறு பொருள்களை வடித்துத் தரக்கூடும். மூன்றும் 'படத்தின்படியே' என்று வாதிடவும் கூடும்.

இதற்கு மறுதலையாக ஒரு விளையாட்டும் உண்டு. மேலிருந்து பார்த்தால் வட்டம், முன்னிருந்து சதுரம், பக்கத்திலிருந்து முக்கோணம் ஆகத் தோன்றும் ஒரே பொருள் எது? தடித்த முள்ளங்கித் துண்டு ஒன்றை விட்டமும் உயரமும் ஒத்த உருளையாகச் சீவிக்கொண்டு, மேல்வட்டத்தின் நடுவே ஒரு விட்டக்கோட்டை இட்டு, அக்கோட்டிலிருந்து அடிவட்டத்தின் இருபுற ஓரங்களை நோக்கி இரண்டு சாய்வான வெட்டுகள் வெட்டினால் அப்பொருள் கைக்கு வந்துவிடும். என் மாணவர்கள் இதனைத் தாளில் முயன்று களைத்தனர். முள்ளங்கியில் முயன்றவர் விரைவிற் கண்டனர்.

இம்முறையின் விதைகள் கல்தச்சரிடத்தும் மரத்தச்சரிடத்தும் நெடுங்காலமாகவே இருந்தன. வளைவுகளுக்கும் கூரைகளுக்கும் கல்லை அளந்து வெட்டுவதற்கு வேண்டிய கோடுகளை ஐரோப்பியக் கல்தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகத் தம் தொழிற்குழுவிற்குள் போற்றி வந்தனர். மேலே கூறிய டூரரும் மனிதத் தலையை முன், பக்கம், மேல் என மூன்று தோற்றமாக வரைந்தவரே. ஆயினும், அவை அவ்வத் தொழிலுக்குரிய தனித்தனி உபாயங்களாகவே நின்றன. அவற்றை எல்லாம் ஒரே கணித இயலாகத் திரட்டியவர் பிரெஞ்சு நாட்டுக் கஸ்பார் மோஞ்சு ஆவர். அவருடைய வரலாறு சற்று விரித்துக் கூறத் தக்கது.

மோஞ்சு 1746-ஆம் ஆண்டில், பர்கண்டிப் பகுதியைச் சேர்ந்த போன் என்னும் ஊரில், ஓர் எளிய வணிகருக்கு மகனாகப் பிறந்தார். இளம்பருவத்திலேயே, தாமே செய்துகொண்ட கருவிகளைக் கொண்டு அளந்து தம் ஊரின் பெரும்படம் ஒன்றை வரைந்தார். அதனைக் கண்ட படைத்துறையினர் ஒருவர், அவரை மெசியேர் நகரத்திலிருந்த அரசப் பொறியியற் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அப்பள்ளி கோட்டை கட்டும் படைப்பொறியாளர்களைப் பயிற்றுவது. ஆனால் அதிகாரிகளுக்குரிய வகுப்பில் சேர்வதற்கு அறிவு மட்டும் போதாது; உயர்குடிப் பிறப்பும் வேண்டும். வணிகர் மகனுக்கு அங்கே இடமில்லை. கொத்தரையும் படவரைவாளரையும் பழக்கும் கீழ்ப்பிரிவில் அவர் சேர்க்கப் பெற்றார். பிறர் எண்ணியவற்றைத் தாளில் தீட்டிக்கொடுப்பதே அங்கே அவர் வேலை.

ஏறக்குறைய 1765-ஆம் ஆண்டில் அவரிடம் ஒரு கணக்கு வந்தது. கோட்டை ஒன்று கட்ட வேண்டும். சுற்றிலும் மேடுகள் உள்ளன. எந்த மேட்டில் ஏறி நின்றாலும் பகைவனுடைய கண்ணும் குண்டும் கோட்டைக்குள் எட்டாதவாறு மதில்களின் இடத்தையும் உயரத்தையும் வரையறுக்க வேண்டும். இவ்வகைக் கணக்கிற்கு அந்நாளில் எண்களை அடுக்கி நாட்கணக்கில் பெருக்கியும் வகுத்தும் வந்தனர். மோஞ்சு எண்களைத் தொடவில்லை. கிடையான தளம் ஒன்று, நிமிர்ந்த தளம் ஒன்று என இரண்டு தளங்களைக் கருத்திற்கொண்டார். வெளியில் உள்ள ஒவ்வொரு புள்ளியையும் அவ்விரு தளங்களிலும் செங்குத்தாக விழச்செய்தார். பின்பு, கதவைக் கீலில் திருப்புவது போல ஒரு தளத்தை மற்றதன்மேல் மடித்துவிட்டார். இரண்டு தளங்களும் ஒரே தாளாயின. அதன்மேல் அளவுகோலும் கவராயமும் கொண்டே விடையைக் கண்டுவிட்டார்.

விடையைக் கொண்டுசென்றபோது அதிகாரி அதனைப் பார்க்கவே மறுத்தார். 'இத்துணை விரைவில் இக்கணக்கை எவராலும் முடிக்க இயலாது. ஆகவே இது தவறு' என்பது அவர் கருத்து. வற்புறுத்தி வேண்டிய பின்னரே தாளை நோக்கினார். விடை சரியாக இருந்தது. இதன்பின் நேர்ந்ததே வியப்புக்குரியது. கீழ்ப்பிரிவில் இருந்த இளைஞர் சில ஆண்டுகளில் அதே பள்ளியின் ஆசிரியர் ஆனார். அவரை உடன் அமரத் தகாதவர் என்று விலக்கிய வகுப்பினர்க்கே பாடம் சொன்னார். ஆனால் அவர் கண்ட முறையை வெளியே சொல்லக்கூடாது என்று படைத்துறை தடை விதித்தது. கோட்டை கட்டும் நுட்பம் பகைநாட்டார்க்குத் தெரியலாகாது என்பது அவர்கள் கூறிய காரணம். தச்சனுக்கும் கொல்லனுக்கும் பயன்பட வேண்டிய ஒரு கலை இவ்வாறு பல ஆண்டுகள் ஒரு பள்ளியின் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடந்தது. ஓலைச்சுவடிகளைப் பிறர்க்குக் காட்டாமல் பெட்டியில் வைத்துச் செல்லுக்கு இரையாக்கிய நம்மவரையும் யான் இங்கே நினைத்துக்கொள்வதுண்டு.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. பழைய தடைகள் நீங்கின. 1794-இல் பாரிசில் நிறுவப்பெற்ற பொறியியற் பெருங்கல்லூரியில் மோஞ்சு முதன்மை இடம் பெற்றார். 1795-இல் ஆசிரியர் பயிற்சிக்கென்று தொடங்கிய புதிய கல்லூரியில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் நிறைந்த அவையில், தம் முறையை முதன்முறையாக வெளிப்படக் கற்பித்தார். அவ்விரிவுரைகள் 1799-இல் 'விவரண வடிவியல்' எனப் பொருள்படும் பெயரில் நூலாயின. நாட்டின் தொழில்கள் அயலாரைச் சார்ந்து நில்லாமல் இருக்கவேண்டுமாயின், வேலை செய்வோரிடத்துத் துல்லியம் வேண்டும். துல்லியத்திற்கு இவ்வரைமுறை வேண்டும். பொருளை எண்ணுபவர், செய்விப்பவர், செய்பவர் ஆகிய மூவர்க்கும் இது பொதுமொழியாகும் என்பது அவர் கொள்கை. அவருடைய கல்லூரியிற் பயின்ற குரோசே என்பவர் இக்கலையை அமெரிக்க நாட்டு வெஸ்ட் பாயிண்டுப் படைப்பள்ளிக்குக் கொண்டுசென்று, 1821-இல் அதுபற்றி ஆங்கிலத்தில் நூலும் எழுதினார். நெப்போலியனுக்கு நண்பராக இருந்ததனால், அவன் வீழ்ந்தபின் மோஞ்சு தம் பதவிகளை இழந்து 1818-இல் காலமானார். 1989-இல், நாட்டின் பெரியோர்க்கென்று அமைந்த பாந்தியோன் மண்டபத்தில் அவருடைய உடலின் எச்சம் வைக்கப் பெற்றது.

பொதுமொழி என்று கூறினேன். மொழி என்றால் கிளைமொழியும் இருக்குமன்றோ? மூன்று தோற்றங்களையும் தாளில் எங்கெங்கே வைப்பது என்பதில் இரு வழக்குகள் ஏற்பட்டன. ஐரோப்பிய நாடுகளில் பெரும்பாலும் மேல்தோற்றத்தை முகப்பின் கீழே வைப்பர். இடப்பக்கத்திலிருந்து பார்த்ததை வலப்பக்கத்தில் வைப்பர். இது முதற்கோண முறை. அமெரிக்க நாட்டில் மேல்தோற்றத்தை மேலேயும், இடப்பக்கத் தோற்றத்தை இடப்பக்கத்திலேயும் வைப்பர். இது மூன்றாங்கோண முறை. இரண்டும் சரியே, எனினும் ஒரு வழக்கில் வரைந்ததை மற்றொரு வழக்கில் படித்தால், இடப்புறம் இருக்கவேண்டிய துளை வலப்புறம் ஏறிவிடும். இப்பிழையைத் தவிர்ப்பதற்காகப் படத்தின் ஓரத்தில், நுனி வெட்டிய கூம்பு ஒன்றின் இரு தோற்றங்களைச் சிறு குறியாக இடுவர். குறியை முதலில் நோக்கிய பின்னரே படத்தைப் படிக்கத் தொடங்கவேண்டும்.

நிற்க. மூன்று தோற்றங்களையும் மனத்தில் ஒன்றுகூட்டிப் பொருளைக் காண்பதற்குப் பயிற்சி வேண்டும். எல்லார்க்கும் அஃது எளிதில் கைவருவதில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் பாரிஷ் என்பவர் இவ்விடரை நேரில் எதிர்கொண்டார். அவர் பொறிகளைப் பற்றி விரிவுரை ஆற்றுபவர். சக்கரங்களும் தண்டுகளும் பிணைப்புகளும் அடங்கிய உறுப்புத் தொகுதி ஒன்றை வைத்துக்கொண்டு, இன்று ஒரு பொறியின் மாதிரியைக் கூட்டிக்காட்டுவார். அதனைப் பிரித்து அவ்வுறுப்புகளாலேயே நாளை வேறொரு பொறியைக் கூட்டிக்காட்டுவார். கூட்டும் வேலை உதவியாளர்களுடையது. எந்த உறுப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை அவர்கள் பார்த்த அளவில் உணரவேண்டும். அளந்து பொருத்தவும் வேண்டும். இதற்கென்றே அவர் ஒரு முறையை வகுத்து, 1822-இல் கட்டுரையாக வெளியிட்டார். அதுவே சமஅளவுப் படம். பொறியாளர் 'ஐசோமெட்ரிக்' என்பர்.

அதனை நீங்களே வரையலாம். ஒரு நிமிர்ந்த கோடு இடுக. அதன் அடியிலிருந்து வலப்புறமும் இடப்புறமும், கிடைக்கோட்டிற்கு 30 பாகை ஏறுமுகமாக இரண்டு கோடுகள் இடுக. மூன்று கோடுகளையும் ஒரே நீளமாகக் கொண்டு, அவற்றிற்கு இணைகோடுகள் வரைந்து முடித்தால், ஒரு கனசதுரம் மூலையில் நின்று உங்களை நோக்கும். அதன் புறஎல்லை ஒழுங்கான அறுகோணமாக இருக்கும். கண்ணை நெடுந்தொலைவில் வைத்து, கனசதுரத்தின் ஒரு மூலையிலிருந்து நேர் எதிர்மூலைக்குச் செல்லும் கோட்டின் வழியே பார்த்தால் தெரியும் காட்சி இது. அவ்வாறு பார்க்கையில் மூன்று விளிம்புகளும் ஒரே வீதத்தில், ஏறக்குறைய 100-க்கு 82 ஆகக் குறுகுகின்றன. குறுகுவது ஒரே வீதமாகையால் அதனைப் புறக்கணித்து, முழு அளவையே இட்டுவிடுவது வழக்கம். என் பெட்டியை இம்முறையில் வரைந்திருந்தால், பின்விளிம்பும் முன்விளிம்பும் ஒரே நீளமாக இருந்திருக்கும், தச்சர் தவறியிரார்.

ஆனால் இதனையும் முற்றும் நம்பிவிடலாகாது. அளவு மெய்யாவது அம்மூன்று திசைகளில் மட்டுமே. 10 அங்குலச் சதுரத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் உண்மையில் ஏறக்குறைய 14.1 அங்குலம். சமஅளவுப் படத்திலோ ஒன்று 17.3 ஆகவும், மற்றொன்று 10 ஆகவும் அளக்கும். வட்டம் நீள்வட்டமாகிவிடும். பந்து, குடம் முதலியவற்றை வரைவார்க்கு இதனாற் பயன் குறைவு. மேலும், இணைகதிர்ப் படங்களில் முன்னது பின்னது என்று கண்ணுக்குச் சுட்டும் குறிப்பு இல்லாமையால் ஒரு மயக்கமும் உண்டு. சுவிட்சர்லாந்து நாட்டு நெக்கர் என்னும் அறிஞர் 1832-இல் இதனைக் குறித்தார். படிகங்களின் கோட்டுப் படத்தை உற்று நோக்கிக்கொண்டிருந்தபோது, முன்முகம் திடீரென்று பின்முகமாகவும், பின்முகம் முன்முகமாகவும் மாறித் தோன்றுவதை அவர் கண்டார். விளிம்புகளை மட்டும் கொண்ட கனசதுரம் ஒன்றை வரைந்து சிறிது நேரம் நோக்கினால் உங்களுக்கும் அவ்வாறே தோன்றும்.

இவற்றினும் எளியதொரு முறை, பொருளின் முகப்பை உள்ளபடியே வரைந்து, பின்செல்லும் கோடுகளை 45 பாகைச் சாய்வில் இடுவது. முழு நீளம் இட்டால் பொருள் பின்னே நீண்டு தோன்றுமாகையால் பாதி நீளம் இடுவர். நிலைப்பேழை செய்வோர் கையாண்டமையால் இதற்குப் பேழைமுறை என்றே ஆங்கிலத்தில் பெயர். கரும்பலகையில் விரைந்து வரைவதற்கு இதுவே ஏற்றது. இதற்குமேல் இதுபற்றிக் கூற ஒன்றுமில்லை.

இக்காலத்தில் வரைபலகையின் இடத்தைக் கணிப்பொறி பெற்றுவிட்டது. 1963-இல் அமெரிக்க நாட்டு ஐவன் சதர்லாந்து என்பவர், திரையில் ஒளிக்கோலால் தொட்டு வரையும் முறையைத் தம் ஆய்வேட்டில் செய்துகாட்டினார். இன்று பொறியாளர் பொருளின் முழுவடிவத்தையே கணிப்பொறிக்குள் உருவாக்கி, வேண்டிய திசையில் திருப்பிப் பார்க்கின்றனர். வரைவதற்குரிய உழைப்பு மிகவும் குறைந்துவிட்டது. எனினும், பட்டறைக்குச் செல்லும் தாளில் இன்றும் மோஞ்சின் தோற்றங்களே அச்சாகின்றன. ஓரத்தில் அந்த வெட்டிய கூம்பும் உண்டு.

என் பெட்டியின் கதையை முடித்துவிடுகின்றேன். ஓவிய ஆசிரியர் ஒரு தாளில் மூன்று தோற்றங்களையும், அவற்றின் பக்கத்தே ஒரு சமஅளவுப் படத்தையும் வரைந்து, அங்குலங்களை எல்லாம் குறித்துக் கொடுத்தார். அதனைக் கொண்டு செய்த இரண்டாம் பெட்டியில் ஏட்டுக்கட்டுகள் யாவும் இடைவெளியின்றி அமைந்தன. அது இன்றும் என்னிடம் உள்ளது. பின்னே குறுகிய முதற்பெட்டி, வீட்டில் அரிசி அளக்கும் படிகளை வைக்கப் பயன்பட்டது. சில மாதங்கள் கழித்து, பள்ளிக்கு நீண்ட பலகை ஒன்று செய்யவேண்டி அதே தச்சரிடம் ஒரு படத்தைக் கொண்டுசென்றேன். அவர் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பு என்னை நோக்கி, "ஐயா, மேலிருந்து பார்த்தது எங்கே?" என்று கேட்டார்.